குசினி ஜன்னலுக்கு முன்னால் ஒரு ரோவன் மரம்

இஞ்சேரும் ராசாத்தி,

உம்முடைய ரோவன் மரம் இன்னும் நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்.

எனக்கு ஒன்று விளங்கவேயில்லை. மலைப்பக்கக் குளிரில் வளர்கிற மரத்தை இந்த வெரிபீ ஊர் வெக்கைக்குள், அதுவும் சமைக்கிற குசினி ஜன்னலுக்கு நேர் முன்னால், ஏன் நட்டீர்? முருங்கையில்லை, கறிவேப்பிலையில்லை. பழம் சிவப்பாய்க் குலைகுலையாய்த் தொங்குமாம், வாயில் வைத்தால் கைக்குமாம். கேட்டதற்கு, "வளரட்டும், பாப்பம்" என்று சிரித்தீர். அது வளர முதல் நீர் போய்விட்டீர்.

போன கோடையில் பாலைவனப் பக்கமிருந்து வருகிற இந்த நாட்டு வடக்குக் காற்று நெருப்பாய் அடித்தது. இலைகளின் ஓரமெல்லாம் கருகிவிட்டது. இந்த மரமும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? பயந்துபோய், உம்முடைய மஞ்சள் நூல்சேலையை எடுத்து, நாலு தடி ஊன்றிச் சுற்றிக் கட்டினேன்.

அடுத்த தெருப் பரிமளம் வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தை மூன்று தரம் சுற்றிக் கும்பிட்டாள். "எந்த அம்மன் அண்ணை?"

"அது வீட்டுக்காரியின்ர சேலை, தங்கச்சி."

"அப்ப பிழையில்லை" என்றுவிட்டு இன்னொரு தரம் சுற்றினாள். நீர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்.

குளிர் தொடங்கியதும் இலையெல்லாம் கொட்டிவிட்டது. செத்துத்தான் போச்சு என்று மகளைக் கூப்பிட்டேன். மலர் வந்து பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை.

"இட்ஸ் ஃபைன் அப்பா. இது குளிருக்கு இலை கொட்டுற மரம். அம்மா கேட்டு வாங்கினதே அதுக்குத்தானே."

"என்ன கேட்டவ?"

"நான்தானே கடைக்காரரிட்ட இங்கிலிஷில கேட்டுச் சொன்னனான். வெயிலுக்கு நிழல் தரவேணும், குளிருக்கு வெயிலை உள்ள விடவேணும், அப்படி மரம் இருக்கோ எண்டு. அப்பா ஜன்னலடிக் கதிரையிலதான் இருப்பார், அவருக்கு முழங்கால் நோகும் எண்டவ."

அந்த நேரம் நான் காருக்குள் இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொன்னால் வேண்டாம் என்று மறித்திருப்பேன் என்றா? இப்போது மொட்டைக் கிளைகளுக்குள்ளால் வெயில் வந்து என் முழங்காலில் விழுகிறது. பக்கத்தில் வெறுமையாய்க் கிடக்கிற உம்முடைய கதிரையிலும் விழுகிறது. அதையும் யோசித்துத்தான் நட்டீரா?

வருகிற கோடைக்கும் அந்தச் சேலையைக் கட்டுவேன். முதல் பழம் சிவந்ததும், எவ்வளவு கைத்தாலும், ஒன்றைத் தின்பேன். மிச்சம் குருவிகளுக்கு. உம்முடைய கதிரையை இடம் மாற்ற ஒருவரையும் விடமாட்டேன்.

வெயிலில் கால் நீட்டியபடி,
உம்முடைய மலரின் அப்பா