எரியாத சோப்பு

என் ஆசை ரெஜினாவுக்கு,

நர்சிங் படிக்கும்போது நீ எனக்கு வெறும் ரெஜினா. என் அண்ணனைக் கட்டிய பிறகு ஊருக்கு முன்னால் மதினி. இந்தக் கடிதத்தில் பழையபடி ரெஜினாதான், கோபித்துக்கொள்ளாதே.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நம் வார்டு அப்படியேதான் இருக்கிறது. குறைமாதப் பிள்ளைகள், ஒன்றும் என் முழங்கை நீளம்கூட வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விடும் முன்பும் சானிடைசர், எடுத்த பின்பும் சானிடைசர். எரிச்சலும் அதேதான். ஆமாம், எனக்கும் வந்துவிட்டது. விரல் மடிப்பெல்லாம் வெடிப்பு, உப்பளத்தில் நிற்கிறவர்கள் காலைப் போல.

உனக்கு முதலில் வந்தபோது நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "சானிடைசர் எரியுதுன்னா விட்டுத்தள்ளுளா. சோப்பப் போட்டு நல்லாக் கழுவு. மேல கிளவுஸ மாட்டிக்க, ஒருத்தருக்கும் தெரியாது." என் பையிலிருந்த சோப்பையும் எடுத்துக் கொடுத்தேன். சோப்பு எரியவில்லை, அதனால் நல்லது என்று நினைத்தோம். தோலில் இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெய்ப்பசையை உரித்தது அதுதான், ஈரக்கையில் மாட்டிய கையுறை மிச்சத்தையும் ஊறவைத்துக் கெடுத்தது. இதெல்லாம் பயிற்சி வகுப்பில் கேட்டதுதானே? நோயாளிக்கு என்றால் எல்லாம் தெரிகிறது. நம் கைக்கு என்று வரும்போது புத்தி எங்கேயோ போய்விடுகிறது.

தெரிந்தால் வார்டை மாற்றிவிடுவார்கள் என்று பயந்தாய். "இந்தப் பிள்ளைகள விட்டுட்டு ஓ.பி.ல உக்காந்து சீட்டு எழுதச் சொல்லுதியா?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாய். நானும் சேர்ந்து மறைத்தேன். பிறகு ஒரு விரல் வீங்கியது. காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்த வெடிப்பு வழியாகத்தான் உள்ளே போனதா? டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம் சிஸ்டர்" என்றார். இந்த 'இருக்கலாமை' வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், ரெஜினா?

புன்னைக்காயல் மாதா கோயிலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, வழக்கப்படி உன் கைகளில் வெள்ளைக் கையுறை மாட்டி ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். கழற்றுங்கள், அவள் கைக்குக் கொஞ்சம் காற்று படட்டும் என்று கத்தத் தோன்றியது.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனேன். அண்ணன் சீலா மீன் குழம்பு வைத்திருந்தான். காரம் பட்டால் உயிர் போகும் என்று ஸ்பூன் கேட்டேன். "ஏளா, கையக் காட்டு" என்றான். காட்டவில்லை. "நீயுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான்.

நேற்று கிருமித் தடுப்பைப் பார்க்கிற சிஸ்டர் வார்டுக்கு வந்தார். "கை வெடிச்சிருந்தா மறைக்காதீங்க. தோல் டாக்டர்ட்ட காட்டுங்க. ஆறுத வரைக்கும் வேற வேலை, பத்து நாளோ என்னமோ. பொறவு இங்கனயே வந்துரலாம்" என்றார். ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றச் சொன்னார். என் முறை வரும்போது, "பிள்ளைக்குப் பால் குடுக்கணும் சிஸ்டர்" என்று நழுவிவிட்டேன்.

பத்து நாளாம், ரெஜினா! இதற்கா அத்தனை ஒளித்தோம்? என் வெடிப்பிலிருந்து அந்தச் சின்ன உயிர்களுக்கு ஏதாவது ஒட்டிவிட்டால் என்ன ஆவது என்று தெரிந்தும் ஏன் நழுவினேன்? நான் காட்டி, பத்து நாளில் ஆறிவிட்டால், நீயும் காட்டியிருக்கலாம் என்று ஆகிவிடும். அதை எப்படித் தாங்குவேன்? என்னால் முடியவில்லை, ரெஜினா.

ஆனாலும் நாளைக் காலை டியூட்டிக்கு ஏறும் முன் அந்த சிஸ்டர் அறைக்குப் போவேன். கையுறை மாட்டாமல் போய் இரண்டு கையையும் அவர் மேசைமேல் வைப்பேன். உன் கதையையும் சொல்வேன். கையைக் காட்டிவிடுவேன் என்று முன்பே எனக்குள் இரண்டு தடவை சத்தியம் செய்து மீறியிருக்கிறேன். அதனால்தான் இந்தத் தடவை உனக்கு எழுதிக் கொடுக்கிறேன். பேனா பிடித்ததில் விரல் மறுபடியும் வெடித்துவிட்டது, காகிதத்தில் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குச் சோப்பு எடுத்துக் கொடுத்த நாத்தனார்,
ஜெனோவா