கழுவிய பின் எண்ணியது

அனுப்புநர்:
செல் எண்ணும் உதவியாளர் (தற்சமயம் பாட்டில் கழுவும் பிரிவு),
மூளை வளர்ச்சி ஆய்வுக்கூடம்.

பெறுநர்:
ஆய்வுப் பதிவேடுகள் சரிபார்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: பசைக் கரைப்பான் குறித்த மூளைச் செல் ஆய்வுப் பதிவேட்டில் இறப்பு எண்ணிக்கை தவறாக உள்ளது – மறு எண்ணிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முதல் மனு, "விசாரித்து முடிக்கப்பட்டது" என்ற தங்கள் பதில்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. பதினோரு ஆண்டுகளாக எங்கள் விஞ்ஞானி அம்மையாரிடம் வேலை பார்க்கிறேன். கோழிக்கருவின் மூளைச் செல்களை எடுத்துத் தட்டில் விதைப்போம். நல்ல செல் தட்டில் ஒட்டிக்கொண்டு கை நீட்டி வளரும். செத்தது பிடி விட்டு மிதக்கும். செருப்புப் பசையில் கலக்கும் கரைப்பானை ஊற்றி, மூன்றாம் நாள் எத்தனை செத்தன என்று எண்ணி எழுதுவது என் வேலை.

2. தட்டைக் கழுவிவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்பது அம்மையாரின் உத்தரவு. நூறு விதைத்த இடத்தில் அறுபது மிதந்தன. கழுவியதும் அவை சாக்கடைக்குப் போயின. ஒட்டியிருந்த நாற்பதில் செத்தவை இரண்டு. "இறப்பு: நூற்றுக்கு ஐந்து" என்று எழுதினேன். கரைப்பானே படாத தட்டிலும் அதே ஐந்துதான். ஆகவே கரைப்பான் பரம சாது என்று முடிவானது.

3. மனசு கேட்காமல் ஓரத்தில் பென்சிலால் "மிதந்தவை" என்றொரு கட்டம் போட்டு எழுதி வந்தேன். அம்மையார் தம் கையாலேயே ரப்பர் வைத்து அழித்தார். "ஒட்டாததெல்லாம் நம்ம கணக்குல வராதும்மா" என்றார். அந்த ஆண்டுதான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. நாற்பத்தொரு பக்கத்திலும் "எண்ணினேன், சரி" என்று கையெழுத்திட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

4. என் தங்கை செருப்புப் பட்டறையில் பசை தடவும் வேலை பார்த்தாள். கர்ப்பமானதும், "அக்கா, இந்த வாடை புள்ளைக்கு ஆகுமா? நீதான அதைப் பாக்குற?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்றேன். ஒன்பதாம் மாதம் வரை அந்த டப்பாவின் மேல் குனிந்து வேலை செய்தாள். மகளுக்கு இப்போது நான்கு வயது. பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. தன் தலையைத் தானே சுவரில் முட்டிக்கொள்கிறாள். கரைப்பானால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இல்லை என்று அடித்துச் சொன்னது எங்கள் பதிவேடு.

5. குழந்தையின் சிகிச்சைச் செலவைப் பட்டறை ஏற்க வேண்டும் என்ற விண்ணப்பத்தை மருத்துவக் குழு தள்ளிவிட்டது. ஆதாரம்: மேற்படி பதிவேடு, பக்கம் 17. நகலும் இணைத்திருந்தார்கள். தங்கை அதை என்னிடமே கொண்டுவந்தாள். என் கையெழுத்தைப் பார்த்ததும், "நீ எண்ணுனதா? அப்ப சரியாத்தான்க்கா இருக்கும்" என்று மடித்து வைத்துவிட்டாள். மேல்முறையீடு வேண்டாம் என்கிறாள். கர்ப்பத்தில் தான் எதைத் தின்று கெடுத்தோம் என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

6. என் முதல் மனுவைத் தங்கள் அலுவலகம் விளக்கம் கேட்டு அம்மையாருக்கே அனுப்பியது. கழுவுவது வழக்கம் என்று ஒரே வரியில் அவர் பதில் எழுதினார். மறுநாளே, "கழுவுறதுதான உனக்குப் பிரச்சினை, நல்லாக் கத்துக்க" என்று என்னைப் பாட்டில் கழுவ மாற்றினார். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

எனவே, புதிதாகச் செல் விதைத்து, தட்டுகளைக் கழுவுவதற்கு முன் ஒருமுறை எண்ண உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வார வேலை. தங்கள் ஆள் பக்கத்தில் நிற்க, நானே எண்ணுகிறேன். மேல்முறையீட்டுக்கு இம்மாதம் 30 கடைசி நாள். பொய்க் கையெழுத்துக்காக என் மீது எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் ஆட்சேபணை இல்லை.

நாள்: 12
இடம்: பாட்டில் கழுவும் அறை

இப்படிக்கு,
(கையெழுத்து – பக்கம் 17-இல் உள்ளதே)

நகல்:
விஞ்ஞானி அம்மையார்.
மருத்துவக் குழு.
என் தங்கை – நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால், பதிவுத் தபாலில்.