தூதுவரின் மகன்

சட்டன், லண்டன்
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெனோஜாவுக்கு,

மெல்பேணில் நீ சுகமாக இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே. இந்தச் சின்ன வீட்டில் ஃபோனில் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பா வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. அவர் எழுதிவந்த ஹென்றி ஆஷ்பர்னின் வரலாறு ஒருவழியாக முடிந்தது. மன்னாரில் முத்துக் குளிப்பவர்களிடம் தமிழ் படித்து, கடற்சொற்களுக்கு அகராதி செய்து, பிறகு பிரித்தானியத் தூதராகப் பர்மா அரசவைக்குப் போன அந்தக் காலத்து வெள்ளைக்காரரை உனக்குத் தெரியும்தானே. அப்பாவின் பேச்சில் இத்தனை வருடமாக நம் சாப்பாட்டு மேசையில் கூட இருந்தவர். அவரைப் பற்றிப் பேசும்படி அப்பாவைப் பங்குச் சுவாமி கேட்டிருந்தார். போன ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம்.

அப்பாவுக்குச் சொல்லாமல் கூட்டத்து நோட்டீஸைப் படம் எடுத்து றொனால்ட் அண்ணாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அவனுடைய கலியாணத்தை அப்பா மறுத்தபோது, "என்னை வளர்க்கேக்கை நீங்கள் இல்லை, இப்ப வழி காட்ட வராதேங்கோ" என்று சொல்லிவிட்டு வெம்பிளிக்குப் போனவன். அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை.

அப்பா நன்றாகத்தான் வாசித்தார். பாதியில் கதவு திறந்தது. றெயில் ஓட்டுகிற உடுப்போடேயே வந்து கடைசி வரிசையில் இருந்தான் அண்ணா. அப்பா கண்டுவிட்டார். ஆனாலும் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

ஆஷ்பர்ன் தன் மகனைச் சிறுவயதில் இங்கே சகோதரியிடம் விட்டுவிட்டுப் போனவர். பல வருடம் கழித்து அவர் கப்பலால் இறங்கியபோது, அந்தப் பிள்ளை கையை நீட்டி, "பயணம் சுகமாக இருந்ததா, ஐயா?" என்று கேட்டானாம். அந்த இடத்தில் அப்பாவின் குரல் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். வாசிக்க முடியவில்லை.

நீ அப்போது பிறக்கவில்லை. அகதியாக முன்னமே வந்துவிட்ட அப்பா, நானும் அண்ணாவும் வந்திறங்கிய அன்று ஹீத்ரோவில் பூங்கொத்தோடு நின்றார். அண்ணா என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த அங்கிள் ஆர்?" என்று கேட்டான்.

மண்டபத்தில் பின்னால் அண்ணா எழும்பி, "பிறகு அந்தப் பொடியன் என்ன ஆனவன், அப்பா?" என்று கேட்டான்.

"தெரியாது தம்பி. தகப்பனைப் பற்றித்தான் எல்லாரும் எழுதியிருக்கினம். அவனைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. நானும் தேடேல்லை."

"அப்ப தேடுவம். சனிக்கிழமை எனக்கு லீவு."

நேற்று இருவரும் கியூ என்ற ஊரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனார்கள். ஒன்றும் அகப்படவில்லை. வரும்போது எங்கேயோ மாறி இறங்கி, யார் பிழை என்று வாதாடிக்கொண்டே நனைந்து வந்தார்கள். மீன் குழம்பு வைத்திருந்தேன். அண்ணா இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வெளிக்கிடும்போது அப்பா அவன் முகத்தைப் பாராமல், "அடுத்த முறை மருமகளையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். அண்ணா "ஓம்" என்று மட்டும் சொன்னான். வரும் சனியும் போகிறார்களாம்.

இன்னொரு விஷயம். படி ஏறினால் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. வைத்தியசாலையில் திரும்பவும் சோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருதயம் பலவீனம் என்று டொக்டர் சொன்னதை அண்ணாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமைகள் கொஞ்சக் காலம் இப்படியே போகட்டும் என்று பார்க்கிறேன். நீயும் அவர்களிடம் ஒன்றும் கேட்காதே.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வா, பிள்ளை. அப்பா வாய் திறந்து கேட்கமாட்டார், நான் கேட்கிறேன். வந்தால் கொஞ்சம் கூட நாள் நிற்கிற மாதிரி வா.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
அருமைநாயகி