பதில் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள், அப்பா

அன்புள்ள அப்பா,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். என்மேல் நீங்கள் வைத்தது அன்புதான்.

போன வாரம் நமுனுகுல வீட்டில் உங்கள் ஆண்டுத் திவசம் நடந்தது. பண்டாரவளையிலிருந்து உங்கள் பழைய டியூஷன் பிள்ளைகள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது பேங்க் மேனேஜர். "ரெண்டு இங்கிலீஷ் சொல்லுக்கு நடுவுல உள்ள வித்தியாசத்த மாஸ்டர் மாதிரி சொல்லிக் குடுக்க ஆளே இல்லீங்க. மறக்கவே முடியாது" என்றார். யாரால்தான் மறக்க முடியும்?

முன்னறையில் நீங்கள் வகுப்பு நடத்தும் நேரத்தில்தான் அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வருவாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும். காலில் அட்டை கடித்த இரத்தம். வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள்.

"மேடம், ஹவுஸ், ஹோம், ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்? சொல்லிட்டு உள்ள வாங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு நீங்களே விளக்குவீர்கள். ஹவுஸ் என்றால் கல்லும் தகரமும். ஹோம் என்றால் நமக்காக ஒருவர் காத்திருக்கும் இடம். எவ்வளவு அழகாகச் சொல்வீர்கள்! சொல்லி முடிக்கும்வரை அவள் மழையில் நிற்பாள்.

என்னிடமும் கேட்பீர்கள். ஆனால் எனக்குத் தெரிந்ததை மட்டுமே கேட்பீர்கள். அதை நினைத்தால்தான் இன்றும் ஆத்திரம் வருகிறது. வலிக்காமல் கேட்கவும் உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது?

பிறகு பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. அம்மா மலை வேலையை விட்டுவிட்டு உங்கள் பக்கத்திலேயே கிடந்தாள். உடம்பைத் துடைத்தாள், படுக்கையை அலசினாள். தோட்டமே அவளைப் புகழ்ந்தது. நான் லீவில் வந்த அன்று கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். கரண்டியை உங்கள் வாய்க்கருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்னாங்க, ஹியர், லிஸன், ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

"ஆ" என்றீர்கள்.

"அது இல்லீங்களே."

கஞ்சியில் ஏடு படியும்வரை காத்திருந்தாள். அதன் பிறகுதான் ஊட்டினாள். உங்கள் கண்ணில் வழிந்ததை முந்தானையால் ஒற்றியும் விட்டாள். வேளைக்கு ஒரு கேள்வி, நீங்கள் கண்மூடும்வரை. வாசலில் நின்றே அத்தனை கேள்விகளையும் மனப்பாடம் செய்திருந்தாள். நீங்கள் சொன்ன பதில்களில் ஒன்றுகூட அவள் மனதில் தங்கவில்லை.

"போதும், விட்டுரும்மா" என்றேன்.

"நான் என்னா பட்டினியா போட்டேன்? கேக்கத்தானே செய்யிறேன். உங்கப்பாவும் எனக்குச் சோறு போட்டுக்கிட்டுத்தானே புள்ள, கேள்வி கேட்டாரு."

பேச முடிந்திருந்தால் நீங்கள் அதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

திவசத்தன்று சோறு, கருவாட்டுக் குழம்பு, வடை, அரைப் போத்தல் சாராயம் எல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தோம். நீங்கள் வந்து சாப்பிடுவதற்காக வழக்கம்போலக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அம்மா மட்டும் படியில் உட்கார்ந்து, கதவில் சாய்ந்துகொண்டாள். மழை தூறத் தொடங்கியது.

"ஹவுஸ், ஹோம், ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்ங்க? சொல்லிட்டு உள்ள போங்க" என்றாள், வாசலில் யாரும் நிற்காத இடத்தைப் பார்த்து.

உங்கள் டியூஷன் பிள்ளைகள் சிரித்தார்கள். அதே சிரிப்பு. மாஸ்டரை அம்மா ஆசையோடு நினைத்துக்கொள்கிறாள் என்று எண்ணி, மேனேஜர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே போனது அவள்தான். படையலை யாருக்கும் பகிர்ந்து கொடுக்கவில்லை. இலையோடு தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய் நாய்க்கு உதறிவிட்டு வந்தாள்.

"அவரு வரல" என்றாள். "பதில் தெரிஞ்சாத்தானே வருவாரு."

அடுத்த வருடமும் இலை போடுவேன், அப்பா. கருவாட்டுக் குழம்பை உங்களுக்குப் பிடித்த காரத்தில் நானே வைப்பேன். கதவையும் சாத்துவேன். ஆனால் படியில் அம்மா உட்கார்ந்திருப்பாள். அவளை எழுந்து வழிவிடச் சொல்லமாட்டேன். எவ்வளவு மழை பெய்தாலும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

ஒருநாளும் வாசலில் நிறுத்தப்படாத
உங்கள் மகள்