டிரஸ்டில் உன் பெயர்

ஏப்ரல் 9
நெப்ராஸ்கா

அன்பு மகள் கொரீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி உருகி, வாசலெல்லாம் சேறு. ஆறு கன்றுகள் பிறந்து ஐந்து தங்கின. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவரிடம் போகச் சொன்னால் என்னைப் போகச் சொல்கிறாள். நானும் போனேன், மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்றார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போரிலிருந்து உன் தாத்தா கொண்டுவந்த இயந்திரத் துப்பாக்கி உனக்கு நினைவிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், பதிவில்லாத துப்பாக்கிகளுக்கு அரசு ஒரு மாதம் மன்னிப்புக் காலம் கொடுத்தபோது அதை முறையாகப் பதிவு செய்தார். அவருக்குப் பின் அது என்னிடம் வந்தது. எனக்குப் பின் யாரும் சிக்கலில் மாட்டக்கூடாதென்று பதினொரு வருடத்துக்கு முன் குடும்ப டிரஸ்ட் ஒன்றை எழுதி, துப்பாக்கியை அதன் பெயருக்கு மாற்றினேன். டிரஸ்டியாக, அதாவது அதன் பொறுப்பாளராக, இருப்பவர்தான் அதை வைத்திருக்கலாம். அதனால்தான் அது இருக்கும் பெட்டகத்தின் எண்ணை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் அம்மா கோழிக்கூட்டிலிருந்து திரும்பியபோது, நான் சமையலறை வாசலில் அந்தத் துப்பாக்கியோடு நின்றிருந்தேனாம். "யாரும்மா நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று கேட்டேனாம். அவள் முட்டைக் கூடையைக் கீழேகூட வைக்காமல், "உன் பொண்டாட்டிதான்யா. அதைக் கொண்டுபோய் உள்ள வெச்சுப் பூட்டிட்டு வா, சூப் ஆறுது" என்றாளாம். நானும் போய் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். சூப்பு ஞாபகம் இருக்கிறது. மற்றது எதுவும் இல்லை.

அதில் தோட்டா போட்டிருந்தேனா என்று அவளிடம் மூன்று முறை கேட்டேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளே டவுனுக்குப் போனோம். வக்கீல் கிரெட்சன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். டிரஸ்டியாக அம்மாவைச் சேர்த்து என்னை விலக்கிக்கொள்ளலாம், துப்பாக்கி டிரஸ்டின் பெயரிலேயே இருக்கும் என்றாள். "ஆனா ஐயா, உங்க பேரை எடுத்துட்டா அப்புறம் நீங்க அதைத் தொடவே கூடாது. புரியுதுங்களா?" என்றாள். "புரியறப்பவே கையெழுத்து வாங்கிக்கம்மா" என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தோம். திரும்பி வரும்போது அம்மா வண்டியைத் தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வெகுநேரம் அழுதாள்.

இப்போது பெட்டகத்துக்குப் புது எண். அவளுக்கு மட்டும்தான் தெரியும். என்ன எண் என்று விளையாட்டுக்குக் கேட்டேன். "இத்தனை வருஷம் நீ சொன்னியா? இப்ப நீ தெரியாம இருந்து பாரு, கிழவா" என்கிறாள். வேட்டைத் துப்பாக்கிகளைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டோம். அவை போனதில் வருத்தமில்லை. அவள் இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள்.

ஆனால் அந்தப் பொருளைத் தொடவே அவளுக்குப் பிடிக்காது. எனக்குப் பின் அது அவளுக்குச் சுமையாக இருக்கக்கூடாது. டிரஸ்ட் எழுதிய அன்று எனக்குப் பின் டிரஸ்டியாக உன் தம்பி எவரெட்டின் பெயரை மட்டும் போட்டேன். "நான் என்னப்பா குறைச்சல்?" என்று நீ கேட்டாய். "அவன் பையன்" என்றேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாய். அதன் பிறகு நீ வந்தது இரண்டே முறை, அதுவும் சாவு வீட்டுக்கு.

போன வாரம் உன் தம்பியிடம் பேசினேன். "அக்காவுக்கே குடுங்கப்பா. தாத்தாகூட உக்காந்து எண்ணெய் போட்டுத் தொடைச்சது அவதானே. அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன், உங்க மூஞ்சியப் பாத்து பயந்துட்டேன்" என்றான். சின்னவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையது, கொரீன். இதை எழுத்தில் வைக்கிறேன், நான் மறந்துபோனாலும் உன்னிடம் இருக்கட்டும்.

கிரெட்சன் காகிதத்தில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். நீ வந்து கையெழுத்துப் போட்டால் போதும். நீ இருக்கும் ஐடஹோவுக்கு எடுத்துப் போக முன்கூட்டியே அரசுக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டுமாம், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அது இங்கேயே இருக்கட்டும். உனக்கு அது வேண்டாமென்றால் விற்றுவிடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்லவாவது நேரில் வா.

சீக்கிரம் வா, மகளே. காலையில் வந்தால் நல்லது, காலையில் நான் தெளிவாக இருக்கிறேன் என்கிறாள் அம்மா. நீ வாசலில் நிற்கும்போது நான் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொண்டு திரும்பிவிடாதே. உன் பெயரை நீயே சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார். நான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக.

உன் அப்பா,
ஆர்வில்