என் பேரில் கொடுத்த மாத்திரை

நாக்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

பானுமதி எழுதிக்கொள்வது. நான் நலம் என்று தொடங்க வேண்டும், மனம் வரவில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபமாக இருக்கிறேன்.

நேற்று பூலோகம் மாமா வீட்டு அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். மாமாவுக்கு மாரடைப்பாம். நெஞ்சு வலிக்கிறது என்று நம் கடைக்கு வந்தவரை, வெறும் வாயுதான், என் மகள் சொன்ன மாத்திரை இருக்கிறது என்று நீங்கள் இரண்டு நாள் வீட்டிலேயே இருக்க வைத்தீர்களாமே! நான் எப்போது சொன்னேன்? அம்மாவின் நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னேன். அம்மாவுக்கு மட்டும். அதை ஊருக்கே கொடுப்பீர்களா?

அத்தை என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஏட்டி பானு, நீ சொன்ன மாத்திரையாலதான் ரெண்டு நாளு தாங்கிச்சு. நீ நல்லாயிருக்கணும்" என்றார். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் இதயம் இவ்வளவு கெட்டிருக்காது என்று அங்கே டாக்டர் சொன்னதையும் அவரேதான் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறதே.

எனக்கு ஒரு மாத்திரை எழுதவும் உரிமை கிடையாது அப்பா. வார்டில் ஊசி போடுவதென்றாலும் பக்கத்தில் சீனியர் நிற்க வேண்டும். நீங்களோ மெடிக்கல் சீட் கிடைத்த மறுநாளே டாக்டர் பானுமதி என்று கடைக்கு மேலே பேனர் கட்டிவிட்டீர்கள். அரிசி வாங்க வருகிறவர்கள் சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்து வருகிறார்கள். நான் போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் போன் யாராவது ஒருவரின் மூட்டுவலிக்குப் போய்விடுகிறது. மருந்துகளைப் பற்றிய பேப்பரிலேயே நான் ஃபெயில். உங்களுக்குத் தெரியுமா? சொல்ல விட்டால்தானே. செவ்வாய்க்கிழமை அதை மறுபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்நேரம் நானே ரயில் ஏறியிருப்பேன்.

மாத்திரை கொடுத்தது நீங்கள்தான், நான் சொல்லவில்லை என்று மாமாவிடம் நீங்களே சொல்ல வேண்டும். பேனரையும் இறக்குங்கள்.

இதோடு முடித்திருப்பேன். இன்று காலையில் அம்மா அழுதுகொண்டே வேறொன்று சொன்னார். ஒரு வாரமாக நீங்களும் அதே மாத்திரையை விழுங்குகிறீர்களாம். மூட்டையைத் தூக்கினால் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறீர்களாம். உடனே உங்களுக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா பயந்துட்டா என்று சிரித்துவிட்டு, கடையில் கூட்டம் என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருக்கும் ஆஷிக் என்னோடு படிக்கிறவன். லீவுக்குக் கல்யாண் ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிறவன், அங்கேகூட இறங்காமல் நேரே உங்களிடம் வந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்து, அங்கே இருக்கும் டாக்டர் பார்க்கும்வரை உங்களை விட்டு நகர மாட்டான்.

மாமாவிடம் பேசுவதெல்லாம் அப்புறம். நம் சண்டையும் அப்புறம். கடையை அம்மா பார்த்துக்கொள்வார். சட்டையைப் போட்டுக்கொண்டு அவனோடு கிளம்புங்கள் அப்பா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் மகள்,
பானு