சக்கரத்தில் கலந்த தேங்காயெண்ணெய்

என் அன்பு அப்பா,

நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்காத உங்கள் மகள் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஓட்டிய வாடகைக் காரை முதலாளி இப்போது அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். சக்கரங்களில் சிவப்பு உரிந்து ஆரக்கால்களில் மரம் தெரிகிறது. போன வாரம் அவன் நாலையும் கழற்றி முற்றத்தில் போட்டு, "ஏட்டி, அப்பாகூட நீ அடிச்சதுதானே, நீயே பெயிண்ட் அடி" என்றான். எடுத்த தூரிகையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், இல்லையா அப்பா?

கொட்டாரம் ஊரில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீங்கள் சக்கரங்களை உப்புத்தாளால் தேய்த்து, முதல் பூச்சு அடித்துக் காயவைத்தீர்கள். இரண்டாவது பூச்சை என்னிடம் விட்டுவிட்டுச் சவாரிக்குப் புறப்பட்டீர்கள்.

"பெயிண்ட் கட்டியா இருந்தா இந்த ஆளிவிதை எண்ணெய கொஞ்சம் விடு மக்களே. வேற ஒண்ணும் விட்டுராத."

என் கால் தட்டி அந்த எண்ணெய் டப்பா மண்ணில் கவிழ்ந்தது. பயந்துபோய் அடுப்படியில் இருந்த தேங்காயெண்ணெயை எடுத்தேன். தலைக்கும் கறிக்கும் புண்ணுக்கும் கதவுக் கீலுக்கும் நமக்கு அதுதானே? சக்கரத்துக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தேன். கலந்து அடித்தபோது பளபளவென்று இருந்தது. ஆளிவிதை எண்ணெய் காயும், தேங்காயெண்ணெய் காயவே காயாது என்பது மூன்றாம் நாளும் விரலில் சிவப்பு ஒட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

"காஞ்சிட்டா மக்களே?" என்று கேட்டீர்கள்.

"காஞ்சிட்டுப்பா" என்றேன்.

நீங்கள் தொட்டுப் பார்க்கவில்லை. டயரைப் பிடித்தே நாலையும் மாட்டிவிட்டீர்கள்.

வேதக்கோயில் வாசலில் மணப்பெண் உங்கள் காரிலிருந்து இறங்கினாள். வெள்ளைச் சேலையின் ஓரம் பின் சக்கரத்தில் உரசியது. ஒரு முழத்துக்குச் சிவப்பு. பெண்ணின் தாய் ஐயோ என்றாள். மாப்பிள்ளையின் மாமா உரக்கக் கேட்டார்: "ஓய் டிரைவரே, உம்ம காரு வெத்தல போட்டுத் துப்புமாவே?"

எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண் மட்டும் அழுதாள்.

நீங்கள் குனிந்து சக்கரத்தைத் தொட்டு விரலை முகர்ந்தீர்கள். பிறகு பெண்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். கல்யாணம் பார்க்க வந்து அங்கே நின்ற நான் ஒரு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "என் கைப்பிசகுதான். மன்னிக்கணும்" என்று சொன்னது உங்கள் குரல்.

வீட்டுக்கு வந்த பிறகும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே? ஒரு அடி அடித்திருக்கலாமே? நானாகவே சொல்வேன் என்று காத்திருந்தீர்களா?

அன்றிலிருந்து உங்களுக்கு 'வெத்தலக் காரு' என்று பெயர் விழுந்தது. கோயிலிலும் சந்தையிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே "என்னவே" என்று திரும்பினீர்கள். மலைக்காய்ச்சலில் நீங்கள் போன அன்று முற்றத்தில் ஒருவர், "ஆரு, நம்ம வெத்தலக் காரா செத்துப்போனாரு?" என்று கேட்டார். அப்போதுகூட, அது என் தப்பு என்று நான் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவருக்கு என்னால் வந்த பெயர் அது.

இந்த முறை ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான் விட்டேன் அப்பா. ஐந்து நாள் காயவிட்டேன். பிறகு பெட்டியிலிருந்து உங்கள் வெள்ளை வேட்டியை எடுத்து, ஒவ்வொரு ஆரக்காலிலும் அழுத்தித் துடைத்தேன். ஒரு பொட்டுச் சிவப்பு ஒட்டவில்லை. வேட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை நம் கோயில் உபதேசியாரிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன் வாசிப்பார். அந்த மணப்பெண்ணுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வாசித்து முடிக்கும்வரை யார் முதுகுக்குப் பின்னாலும் நிற்கமாட்டேன். எல்லோரும் பார்க்கும்படி முன்னால் நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

காஞ்சிட்டு என்று உங்களிடம் பொய் சொன்ன,
உங்கள் மகள்
ஞானப்பூ